எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும்

"எழுதிக் கொடுத்துவிடுங்கள், இதோடு முடிந்துவிடும்." பதினோரு வருடங்களாக இந்த வாக்கியம் என் காதை விட்டுப் போகவில்லை. சொன்னவர் கெட்ட மனிதர் அல்லர். எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், மார்ச் மாத இருப்புக் கணக்கெடுப்பில் பித்தளை வால்வுகள் ஒரு பெட்டி குறைந்தது. கிடங்குச் சாவி நான்கு பேர் கையில் புழங்கியது. அந்த நால்வரில் நானும் ஒருவன். மேலிடத்துக்குச் செய்தி போவதற்குள் உள்ளேயே பேசி முடித்துவிட மேலாளர் விரும்பினார். நால்வரும் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஒரு இன்கிரிமென்டை நிறுத்திவிட்டுக் கோப்பை மூடிவிடலாம்; இல்லையென்றால் விசாரணை, சஸ்பென்ஷன், போலீஸ் என்று போகும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் வாசகத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. "என்னுடைய கவனக்குறைவால் கிடங்கில் பொருள் இழப்பு ஏற்பட்டது. இதற்காக மனம் வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது என உறுதியளிக்கிறேன்." மேலாளர் படித்துப் பார்த்தார். 'கவனக்குறைவால்' என்ற சொல்லை அடித்துவிட்டு, அதன்மேல் சிவப்பு மையில் 'தவறான நடத்தையால்' என்று எழுதினார். அதையே நான்கு பிரதிகள் எழுதினேன்.

மூன்று பேர் கையெழுத்துப் போட்டோம். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்ட கிடங்குப் பொறுப்பாளர் போடவில்லை. அவரிடம் பேச என்னைத்தான் அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டு நேரம். தூக்குவாளியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். "தம்பி, பொருளுக்கு என்ன விலையோ சொல்லச் சொல், என் பங்கைக் கட்டிவிடுகிறேன். செய்தேன் என்று மட்டும் எழுதச் சொல்லாதே" என்றார். "நாங்கள் எல்லோரும் எழுதியிருக்கிறோமே, அண்ணே" என்றேன். "நீ எடுத்தாயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. தூக்குவாளியை மூடி வைத்தார்.

விசாரணை நடந்தது. எங்கள் மூன்று கடிதங்களும் அவருக்கு எதிரான ஆவணங்களாக வைக்கப்பட்டன. மூன்று பேர் தவறை ஒப்புக்கொண்டு வருந்தியிருக்கும்போது இவர் மட்டும் மறுக்கிறார் என்றால், இவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்று அறிக்கை சொன்னது. அவர் வேலை போயிற்று. வால்வுப் பெட்டி எங்கே போயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நான் எடுக்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எடுத்தவனைப் போல எழுதிக் கொடுத்தேன் என்பதும் தெரியும்.

கடந்த இரண்டு வருடங்களாக, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேற்றமாக இருந்த 17ஆம் நூற்றாண்டு மாசசூசெட்ஸின் நீதிமன்றப் பதிவுகளைப் படித்துவருகிறேன். அங்கே குடியேறிய, கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்தவப் பிரிவினரான பியூரிட்டன்கள் குற்றவாளிகளை எப்படித் தண்டித்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் தொடங்கியது. கசையடிதான் அந்தச் சமூகத்தின் கொடூரம் என்று நம்பிக்கொண்டுதான் உள்ளே போனேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

தொழுமரமும் சிவப்பு எழுத்தும்

கசையடிக் கம்பம், காது அறுப்பு, சூடு போடுவது, கால்களை மரப்பலகைக்குள் மாட்டி உட்காரவைக்கும் தொழுமரம் என்று அவர்களிடம் எல்லாமே இருந்தன. 1639இல் பாஸ்டன் நகருக்குத் தொழுமரம் செய்து கொடுத்த தச்சர் எட்வர்ட் பால்மர், பலகைக்கும் கூலிக்குமாக 1 பவுண்டு 13 ஷில்லிங் 7 பென்ஸ் வாங்கினார். அது அநியாய விலை என்று நீதிமன்றம் அவருக்கு 5 பவுண்டு அபராதம் விதித்து, ஒரு மணி நேரம் தொழுமரத்தில் உட்காரவும் தீர்ப்பளித்தது. 1634இல் ராபர்ட் கோல்ஸ் என்பவர் குடித்துவிட்டுத் திரிந்ததற்காக, வெள்ளைத் துணியில் சிவப்புத் துணியால் தைத்த 'டி' என்ற எழுத்தை ஒரு வருடம் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். நாலு பேர் இருக்கும் இடத்துக்குப் போகும்போது அதைக் கழற்றக் கூடாது. குடிகாரன் என்ற சொல்லுக்கு அவர்கள் மொழியில் முதல் எழுத்து அது. பாஸ்டன் அப்போது ஒரு பெரிய கிராமம் அளவுதான். மாவு வாங்கப் போனாலும் பிரசங்கம் கேட்கப் போனாலும் அந்த எழுத்தும் கூடவே போகும்.

இவற்றைக் கொடுமை இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் எத்தனை கடுமையானாலும் இவற்றுக்கு ஓர் அளவு இருந்தது. ஒரு மணி நேரம். ஒரு வருடம். 1641இல் அந்தக் குடியேற்றம் இயற்றிய உரிமைச் சட்டம், எவரையும் 40 அடிக்குமேல் அடிக்கக் கூடாது என்றது. அதே சட்டம் இன்னொன்றும் சொன்னது. தன்மீதான குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி எவரையும் சித்திரவதை செய்து கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. ஐரோப்பாவின் பல நாடுகளில் சித்திரவதை நீதிமன்றத்தின் அன்றாட நடைமுறையாக இருந்த காலம் அது. அந்த வரியைப் படித்த இரவில் இவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை வந்தது.

உடம்புக்கான தண்டனையை நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. மனத்தைத் திருச்சபை கேட்டது. பாவம் செய்தவர் ஓய்வுநாளில் சபை முன் எழுந்து நின்று, தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். 1640இல் கேப்டன் ஜான் அண்டர்ஹில் அப்படி நின்றதை ஆளுநர் ஜான் விந்த்ராப் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அண்டர்ஹில் போர் வீரர். உடையில் பகட்டு மிகுந்தவர். பீப்பாய் செய்பவர் ஒருவரின் மனைவியோடு உறவு வைத்திருந்தார். அன்று இருப்பதிலேயே மோசமான உடையில், கழுத்துப் பட்டி இல்லாமல், அழுக்கேறிய துணித்தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றார். பெருமூச்சும் கண்ணீருமாகத் தான் செய்ததையெல்லாம் சொன்னார். சபை பிறகு அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. இதைப் படித்து நான் நெகிழ்ந்துபோனேன். விழுந்தவன் எழுந்து வர ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்த ஊர் அது. அண்டர்ஹில் செய்தவர், செய்ததைச் சொன்னார். அதுவரை எல்லாம் சரிதான்.

முகத்தில் இல்லை

செய்யாதவர் என்ன சொல்வார், அல்லது தான் செய்தது பாவமே இல்லை என்று நம்புகிறவர் என்ன சொல்வார் என்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. பாஸ்டனில் வாழ்ந்த அன் ஹட்சின்சன் என்ற பெண்ணின் கதை பலர் அறிந்தது. வீட்டில் பெண்களைக் கூட்டிப் பிரசங்கங்களை விவாதித்தார், போதகர்களைக் குறை சொன்னார், 1637இல் நீதிமன்றம் அவரை நாடு கடத்தியது. நான் நின்றுபோன இடம் அதற்கடுத்த மார்ச் மாதத்தில், பாஸ்டன் சபை அவரை விசாரித்தபோது நடந்தது. அவர் தன் தவறான கருத்துகளைக் கைவிடுவதாக ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். சபை கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். அப்போது துணை ஆளுநர் தாமஸ் டட்லி எழுந்து, மனந்திரும்புதல் அவருடைய காகிதத்தில் இருக்கிறது, ஆனால் முகத்தில் இல்லை என்றார். பிறகு ஹட்சின்சன் சொன்ன ஒரு பதிலைப் பொய் என்று பிடித்துக்கொண்டு அவரைச் சபையிலிருந்தும் நீக்கினார்கள்.

இந்த வரியைப் படித்துவிட்டுக் கணினியை அணைத்துவிட்டேன். நான் கடிதத்தை நீட்டிய அன்று எங்கள் மேலாளர் என்னைப் பார்த்துச் சொன்னது நினைவுக்கு வந்தது: "கொஞ்சம் வருத்தமாகவாவது நில்லப்பா." நானும் தலையைக் குனிந்துகொண்டேன். செய்யாத ஒன்றுக்காக வருந்துவது எப்படி இருக்கும் என்று அந்த ஒரு நொடியில் என் உடம்பு கற்றுக்கொண்டது. தோள் கொஞ்சம் தொங்க வேண்டும், கண் தரையில் இருக்க வேண்டும், கை பின்னால் கட்டியிருக்க வேண்டும். கற்றது இன்னும் மறக்கவில்லை.

ரெபெக்கா நர்ஸ்

1692இல் மாசசூசெட்ஸின் சேலத்தில் நடந்த சூனிய விசாரணைகளை நான் விவரிக்க வேண்டியதில்லை. சூனியம் செய்ததாகச் சில பெண்கள் குற்றம் சாட்டியதன்பேரில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றவாளியா இல்லையா என்று நீதிமன்றத்தில் பதில் சொல்ல மறுத்த 80 வயது மதிக்கத்தக்க ஜைல்ஸ் கோரியைக் கல்லடுக்கி நசுக்கினார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே இறந்தார்கள். இதில் உறைக்க வேண்டிய ஒன்று உண்டு. 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டு, அந்தச் சொல்லிலேயே நின்றவர்களில் ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை. அப்படி ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 50 பேர். முதலில் ஒப்புக்கொண்ட அடிமைப்பெண் டிட்டுபா பிழைத்தார். தாங்கள் குற்றமற்றவர்கள் என்று கடைசிவரை சொன்னவர்கள்தான் மலைமேட்டுக்கு வண்டியில் ஏற்றப்பட்டார்கள். சட்டம் தடைசெய்த சித்திரவதைகூட உள்ளே நுழைந்தது. தன் மகனைக் கழுத்தும் குதிகாலும் சேர்த்துக் கட்டி, மூக்கில் இரத்தம் வரும்வரை வைத்திருந்தார்கள் என்று சிறையிலிருந்த ஜான் ப்ராக்டர் ஜூலையில் போதகர்களுக்கு எழுதினார். ஆனால் பெரும்பாலானோருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. சொன்னால் உயிர், மறுத்தால் கயிறு என்று ஊரே பார்த்துத் தெரிந்துகொண்டது.

குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான ரெபெக்கா நர்ஸுக்கு 71 வயது. பிள்ளைகள் பெற்று, பேரப்பிள்ளைகளைக் கண்டவர். நோயாளி. காது மந்தம். அவர் நல்லவர் என்று அக்கம்பக்கத்தார் 39 பேர் மனுவில் கையொப்பமிட்டிருந்தார்கள். அடுத்த பெயர் தன்னுடையதாக இருக்கலாம் என்று ஒவ்வொருவரும் நடுங்கிய அந்தக் கோடையில், மைக்கூட்டில் இறகைத் தொட்டு அந்தக் காகிதத்தில் பெயர் எழுத 39 பேருக்குத் துணிவு இருந்தது. ஜூன் மாதக் கடைசியில் வழக்கு வந்தது. ஜூரிகள் வெளியே போய்ப் பேசிவிட்டுத் திரும்பி, 'குற்றவாளி அல்ல' என்றார்கள். குற்றம் சாட்டிய பெண்கள் நீதிமன்றமே அதிரும்படி கூச்சலிட்டார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் ஜூரிகளைப் பார்த்து, உங்கள்மேல் எதையும் திணிக்க மாட்டேன், ஆனால் கைதி சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று கேட்டார்.

அந்த வார்த்தை இதுதான். சூனியக்காரி என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த டெலிவரன்ஸ் ஹாப்ஸ், மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைத்துவரப்பட்டார். அவரைப் பார்த்ததும் ரெபெக்கா திகைத்துப்போய், இவர்களா எனக்கு எதிராகச் சாட்சி சொல்வது, இவர்கள் எங்களோடு இருந்தவர்கள்தானே என்ற பொருளில் ஏதோ சொன்னார். ஒரே சிறையில் கூட இருந்த கைதி என்பதுதான் அவர் மனத்தில் இருந்தது. சூனியக்காரிகளின் கூட்டத்தில் கூட இருந்தவர் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஜூரிகள் மறுபடியும் வெளியே போனார்கள். அப்போதும் முடிவுக்கு வர முடியவில்லை. ஜூரித் தலைவர் தாமஸ் ஃபிஸ்க் நியாயமானவர்; உள்ளே வந்து ரெபெக்காவிடமே, நீங்கள் சொன்னதற்கு என்ன பொருள் என்று கேட்டார். ரெபெக்கா ஒன்றும் சொல்லவில்லை. ஃபிஸ்க் சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்து வந்த தீர்ப்பு 'குற்றவாளி'.

தன் காது மந்தம் என்றும், துக்கம் நிறைந்திருந்ததால் தன் சொல்லை அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதே தனக்கு விளங்கவில்லை என்றும் ரெபெக்கா பிறகு எழுதிக் கொடுத்தார். ஆளுநர் முதலில் தண்டனையை நிறுத்திவைத்து, பிறகு அதைத் திரும்பப் பெற்றார். ஜூலை 3 அன்று சபை அவரை நீக்கியது. ஜூலை 19 அன்று தூக்கிலிட்டார்கள்.

அந்தக் கேள்விக்கும் தீர்ப்புக்கும் நடுவே இருந்த மௌனத்தை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கூட்டத்தின் இரைச்சல், எதிரே ஒருவரின் உதடு அசைகிறது, கிழவி எதையோ வெறித்துக்கொண்டு நிற்கிறார். எங்கள் விசாரணையில் சாட்சியாக நானும் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "மற்ற மூவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று அண்ணனிடம் கேட்டார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் எங்கள் மூவரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. 'பதில் அளிக்கவில்லை' என்று தட்டச்சு செய்தார்கள்.

ரெபெக்காவின் வழக்கை முதலில் படித்தபோது அவரோடு என்னைச் சேர்த்துத்தான் படித்தேன். நானும் அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்டவன்தானே, நானும் எடுக்கவில்லையே. மூன்றாவது முறை படித்தபோதுதான் டெலிவரன்ஸ் ஹாப்ஸ் கண்ணில் பட்டார். ஏப்ரலில் அவரைப் பிடித்து விசாரித்தபோது அவரும் முதலில் மறுத்தார். கேள்விமேல் கேள்வி கேட்கக் கேட்க, அதே விசாரணையிலேயே இறங்கிவந்து ஒப்புக்கொண்டார். உயிர் பிழைத்தார். பிழைத்தவரை வெறுமனே விட்டுவிடவில்லை. மறுத்தவர்களை வீழ்த்தும் சாட்சியாக அழைத்துவந்து நிறுத்தினார்கள். ஒருவர் பயத்தில் சொன்ன பொய், இன்னொருவர் சொன்ன உண்மையைப் பொய்யாக்கியது. நான் நின்ற இடம் ரெபெக்கா நின்ற இடம் அல்ல. அவர் திகைத்துப் பார்த்த அந்த வாசற்பக்கம்தான் என் இடம்.

மார்கரெட் எழுதிய கடிதம்

கயிற்றைவிடக் கொடியது, ஒப்புக்கொண்டவர்களுக்குக் கிடைத்த அந்த மன்னிப்புதான் என்று இன்று நினைக்கிறேன். தூக்குமரம் 19 பேரைக் கொன்றது. மன்னிப்புக்குக் கொடுத்த விலையாகத்தான் அவர்களில் பலருக்கு எதிராகச் சாட்சிகள் கிடைத்தார்கள். இது எனக்குத் தோன்றிய புதுச் சிந்தனை அல்ல, அப்போதே தெரிந்திருந்தது. ரெபெக்காவின் தங்கை மேரி ஈஸ்டி சாவதற்கு முன் நீதிபதிகளுக்கு எழுதிய மனுவில், என் உயிருக்காகக் கேட்கவில்லை, நான் சாகத்தான் போகிறேன், இனி குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஒப்புக்கொண்டவர்களில் சிலரையும் விசாரித்துப் பாருங்கள், அவர்களில் பலர் தங்கள்மீதும் பிறர்மீதும் பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றும் எழுதினார். செப்டம்பர் 22 அன்று அவரையும் தூக்கிலிட்டார்கள்.

மார்கரெட் ஜேக்கப்ஸ் இளம்பெண். ஒப்புக்கொள்ளாவிட்டால் நிலவறையில் போட்டுத் தூக்கிலிடுவோம், ஒப்புக்கொண்டால் உயிர் உண்டு என்றார்கள். ஒப்புக்கொண்டாள். சொந்தப் பாட்டனார் ஜார்ஜ் ஜேக்கப்ஸையும், போதகர் ஜார்ஜ் பரோஸையும் சேர்த்துச் சொன்னாள். பிறகு இருக்க முடியவில்லை. சொன்னது அத்தனையும் பொய் என்று நீதிமன்றத்துக்கே எழுதினாள். இந்தக் கொடிய நிலையில் வாழ்வதைவிட அமைதியான மனசாட்சியோடு சாவதையே தேர்ந்தேன் என்று எழுதினாள். அவர்கள் அவளுடைய பொய்யை நம்பினார்கள், உண்மையை நம்பவில்லை. பரோஸ் சாவதற்கு முந்தின நாள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்து, அவளோடு சேர்ந்து ஜெபித்தார். ஆகஸ்ட் 19 அன்று பாட்டனாரும் போதகரும் ஒன்றாகத் தூக்கிலிடப்பட்டார்கள். மறுநாள் நிலவறையிலிருந்து அவள் தன் தகப்பனுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். நோயால் அவள் வழக்கு தள்ளிப்போனது. அதற்குள் காற்று மாறிவிட்டதால் உயிர் தப்பினாள். அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்திருக்கிறேன் என்று எண்ணவில்லை. திரும்பப் பெற முடியும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பதினோரு வருடங்களாகத் தோன்றவே இல்லை.

நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல், 1697 ஜனவரி 14 அன்று, பாஸ்டனில் தன் சபையில் எழுந்து நின்றார். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் போதகர் சாமுவேல் வில்லார்ட் வாசித்தார். பழியும் அவமானமும் தன்னைச் சேரட்டும் என்று அதில் கேட்டிருந்தார். வாசித்து முடியும்வரை நின்றிருந்து, முடிந்ததும் தலை வணங்கி உட்கார்ந்தார். யாரும் அவரை மிரட்டவில்லை, எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று சொல்லவில்லை. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக் கையொப்பமிட்டார்கள். ரெபெக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட தாமஸ் ஃபிஸ்கின் பெயரும் அதில் இருக்கிறது. ஸ்டௌட்டன் கடைசிவரை வருந்தவில்லை. சபை ரெபெக்காவின் நீக்கத்தை 1712இல் ரத்து செய்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். பழைய அலுவலகத்தின் முகவரிக்கு ஒன்று, அதன் நகல் அண்ணனுக்கு. இன்ன தேதியில் நான் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தில் இருந்தது பொய், நான் எந்தப் பொருளையும் எடுக்கவில்லை, பயத்தில் எழுதினேன், 'கவனக்குறைவால்' என்று இருந்த சொல் எப்படி மாறியது, அந்தக் கடிதம் இன்னொருவருக்கு எதிராக எப்படிப் பயன்பட்டது, அவர் எழுத மறுத்தபோது அவரிடம் என்ன சொல்லி வற்புறுத்தினேன் என்பதையெல்லாம் தேதியோடு எழுதினேன். அலுவலகத்திலிருந்து இதுவரை பதில் இல்லை. அண்ணனிடமிருந்தும் கடிதம் வரவில்லை. எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மட்டும் சென்ற வியாழக்கிழமை வந்தது. பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில், கிடங்குப் பதிவேட்டில் நான் தினமும் பார்த்த, வலப்பக்கம் சாய்ந்த அந்த நீல எழுத்துகள் இருந்தன.